எந்தக் கை

கோயமுத்தூர்
18-11-66

அன்புள்ள ஆச்சிக்கு,

உடன்பிறந்த தம்பி உடையப்பன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி எழுதப்போவதைப் பதறாமல் படியுங்கள். உங்கள் முழங்கால் வலி தேவலையா? பினாங்கிலிருந்து அயித்தான் கடிதம் போட்டார்களா?

போன திங்கட்கிழமை மில் முதலாளியைத் தஞ்சாவூரில் இறக்கிவிட்டு, நான் மட்டும் விமானத்தை மதுரைக்கு எடுத்துப் போனேன். நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம். போன வருஷம் நம் வீட்டுக்கு மேலே இரண்டு சுற்று வந்தேனே, அதேதான். புதுக்கோட்டை தாண்டியதும் மழைமேகம் மறித்துக்கொண்டது. ஒதுங்கி ஒதுங்கித் தெற்கே வந்துவிட்டேன். கீழே எந்த ஊர் என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து எஞ்சின் இருமத் தொடங்கியது.

ஈர மேகத்துக்குள் பறந்தால் எஞ்சின் மூச்சு வாங்குகிற குழாயில் பனி கட்டிக்கொள்ளும். நம் ஊர் வெக்கையில் பனியா என்பீர்கள். கட்டும். அதைக் கரைக்க ஒரு குமிழ் உண்டு, இழுத்தேன், கேட்கவில்லை. விமானம் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் மேகம் பிரிந்தபோது வலது கைப் பக்கம் குன்றக்குடி மலையும் கோயிலும் தெரிந்தன. அப்போதுதான் இருக்கிற இடம் புரிந்தது. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் போட்ட பழைய ஓடுதளம் நேர் கீழே கிடந்தது. வேறு யோசனை இல்லை, அதில் இறங்குவது என்று மூக்கைத் தாழ்த்தினேன்.

ஓடுதளத்தின் இந்த முனையில் ஒருவர் நின்றார். வேட்டி மட்டும், சட்டை இல்லை. ஒரு கையை விறைப்பாகத் தூக்கி வெள்ளைத் துண்டை ஆட்டினார். துண்டின் ஒரு நுனியை மணிக்கட்டில் கட்டியிருந்தார். அதுகூடத் தெரிகிற அளவுக்குத் தாழ்ந்திருந்தேன். இங்கே இறங்காதே என்கிறார் என்று பட்டது. எப்படிப் பட்டது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மிச்சமிருந்த வேகத்தை வைத்து அவர் தலைக்கு மேலே கடந்துபோய் அடுத்த பாதியில் இறங்கினேன்.

நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்து வந்து பார்த்தால், முதல் பாதியில் குறுக்கே ஆளுயரப் பள்ளம். ரோடு போடக் கப்பிக்கல் தோண்டியிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்ததால் மேலேயிருந்து தெரியவில்லை. அதில் சக்கரம் விழுந்திருந்தால் இந்தக் கடிதத்தை உங்களுக்கு வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

அந்த ஆளைக் காணோம். சுற்றிலும் பொட்டல், ஒளிய ஒரு புதர் இல்லை. ஈரச் செம்மண்ணில் என் சக்கரத் தடமும் என் செருப்புத் தடமும் மட்டும் இருந்தன.

அரை மணி கழித்து எஞ்சின் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. இங்கே மெக்கானிக் சோமு பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்கிறார். பனி கரைந்த பிறகு என்ன இருக்கும்? அடுத்த மழைக்கு முன் கிளம்பாவிட்டால் சேற்றில் மாட்டிக்கொள்வேன் என்பதால்தான் அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை. கோபிக்க வேண்டாம்.

எனக்காக ஒன்று செய்யுங்கள். அந்த ஆள் யார் என்று விசாரித்து, நல்ல வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்து, நான் கும்பிட்டதாகச் சொல்லுங்கள்.

பிரியமுள்ள தம்பி,
உடையப்பன்


நேமத்தான்பட்டி
9-12-66

தம்பி உடையப்பனுக்கு ஆச்சி தேனம்மை ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது.

குன்றக்குடியான் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் தாமதமானதுக்கு மழைதான் காரணம் என்று வைத்துக்கொள்.

நீ சொன்ன ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பேர் கருத்தையா. நீ இறங்கின அந்த மைதானத்துக்கு அங்குட்டு நாலைந்து வீடு இருக்கிறதே, அதில் ஒன்று அவர் வீடு. சண்டைக் காலத்தில் அங்கேதான் வேலையாம். நம் டிரைவர் முத்துக்கருப்பன் விசாரித்துவந்து சொன்னான். நானே நேரில் போய் வேட்டி துண்டு கொடுத்தேன். அவர் பெண்சாதி பொன்னுத்தாயி வாங்கிக்கொண்டது. உன் பேரில் அவர்களுக்குப் பிரியம்தான். வேறு ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டார்கள். இத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிடு.

ஆத்தாள் சாகும்போது உனக்கு எட்டு வயசு. உன்னை என் கையில்தான் பிடித்துக் கொடுத்தார்கள். மேலே போகிற வேலை போதும் தம்பி. மில்லிலேயே ஒரு நாற்காலி கேட்டால் முதலாளி இல்லையென்றா சொல்வார்?

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி. மழையில் நனையாதே.

தேனம்மை


கோயமுத்தூர்
2-1-67

அன்பான ஆச்சிக்கு,

உங்கள் ஆசியில் நலமே இருக்கிறேன். அங்கே அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

கருத்தையா என்ற பேரைப் படித்ததும் மனசு லேசாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், அதுவரைக்கும் எனக்குப் பயம் இருந்தது. காலடித் தடம் இல்லாதது உறுத்திக்கொண்டே இருந்தது. பேரும் வீடும் பெண்சாதியும் உள்ள மனுஷர் என்றதும் போய்விட்டது. மாசியில் ஊருக்கு வரும்போது அவரை நேரில் பார்ப்பேன், சொல்லி வையுங்கள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, இப்போதெல்லாம் பறக்கும்போது என்னை அறியாமல் கீழே பார்க்கிறேன். எங்கேயாவது ஒரு வெள்ளைத் துண்டு அசைகிறதா என்று. ஒரு துணை மாதிரி இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லையே. வேட்டியை வாங்கிக்கொண்டு என்ன சொன்னார்? மேகத்துக்குள் அவ்வளவு சின்னச் சத்தம் அவருக்கு எப்படிக் கேட்டதாம்?

வேலையை விடுவது பற்றி நேரில் பேசுவோம்.

உங்கள்
உடையப்பன்


நேமத்தான்பட்டி
27-1-67

தம்பிக்கு ஆச்சி எழுதுவது,

பொங்கல் நல்லபடியாகப் போனது. உனக்கும் சேர்த்துப் பானை வைத்தோம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

அவர் வீட்டில் ஒன்று கேட்கிறார்கள். அன்றைக்கு அவர் தூக்கினது எந்தக் கை? வலது கையா, இடது கையா? நன்றாக யோசித்து உள்ளதை எழுது. ஏன் என்று கேட்காதே.

தேனம்மை


கோயமுத்தூர்
4-2-67

ஆச்சிக்கு நமஸ்காரம்.

இங்கே சுகம். உங்கள் கடிதம் மூன்றே வரிதான். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நீங்கள் கேட்டதற்காக விமானத்தில் ஏறி என் இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து நின்றார். துண்டு ஆடினது என் வலது பக்கம். அப்படியானால் அவருக்கு இடது கை. சந்தேகமே இல்லை, இடது கைதான்.

ஏன் என்று கேட்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கவில்லை. ஆனால் தூக்கியவரையே கேட்டால் சொல்லமாட்டாரா, ஆச்சி?

உடையப்பன்


கோயமுத்தூர்
30-5-67

அன்புள்ள ஆச்சிக்கு,

பிப்ரவரியில் நான் போட்ட கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. மாசியில் வர முதலாளி விடவில்லை என்று கார்டு போட்டேன், அதற்கும் இல்லை. சித்திரையில் மாவடு ஜாடி வந்தது, உள்ளே ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நீங்கள் நலமாக இருப்பதாக முத்துக்கருப்பன் மூலம் தெரிந்துகொண்டேன். நான் நலம் என்று எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை மதியம் மதுரையிலிருந்து முதலாளியோடு திரும்பினேன். அவர் பின் சீட்டில் தூங்கிவிட்டார். திண்டுக்கல் தாண்டி, பழனிமலைப் பக்கம் இடிமேகம் எழும்பியிருந்தது. சுற்றிப் போயிருக்க வேண்டும். இடையில் வெளிச்சமாக ஒரு சந்து தெரிந்தது, அதில் நுழைந்தேன். நுழைந்ததும் மூடிக்கொண்டது.

மேகத்துக்குள் மேல் எது கீழ் எது என்பது உடம்புக்குத் தெரியாது ஆச்சி. நான் நேராக உட்கார்ந்திருப்பதாக என் உடம்பு சத்தியம் செய்கிறது. எதிரே கருவியில் இருக்கிற ஊசியோ, இடது இறக்கை சாய்ந்துவிட்டது, சுற்றிக்கொண்டே இறங்குகிறாய் என்கிறது. ஊசியைத்தான் நம்பவேண்டும் என்று படித்த பாடம். அதை நம்பித் திருப்பினால் கவிழ்ந்து விழுவது போலவே இருக்கிறது. பின்னால் முதலாளியின் குறட்டை மட்டும் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது எதிரே மேகம் கொஞ்சம் கிழிந்தது. அதில் அவர் நின்றார்.

அதே வேட்டி. சட்டை இல்லாத மார்பு. மணிக்கட்டில் கட்டின துண்டு. கையைத் தூக்கி என்னைப் பார்த்து ஆட்டினார். வந்துவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஊசியை விட்டுவிட்டு அவரைப் பார்த்தே திருப்பினேன். அவர் கிட்டே வந்தார். இன்னும் கிட்டே வந்தார். அவருக்குப் பின்னால் இருந்தது கறுப்பாக, ஈரமாக, வானம் வரைக்கும் போகிற பாறை.

எப்படி இழுத்தேன் என்று தெரியாது. அடிவயிற்றில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு வெயிலில் இருந்தேன். கோயமுத்தூரில் இறங்கின பிறகுதான் முதலாளி கண் விழித்தார். சக்கரத்தில் பச்சை இலைகள் சுற்றியிருந்தன, ஒரு கொப்போடு. சோமு பார்ப்பதற்குள் எடுத்துவிட்டேன்.

அன்றைக்கு அவர் தூக்கினது வலது கை.

கருத்தையா பழனிமலையில் எதற்கு வந்து நிற்கிறார்? நீங்கள் அவரைக் கண்ணால் பார்த்தீர்களா, இல்லையா? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

உடையப்பன்


நேமத்தான்பட்டி
12-6-67

என் தம்பிக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய், அது போதும். எனக்கு எழுத்து ஓடவில்லை, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் அவரைப் பார்க்கவில்லை. கருத்தையா செத்துப்போனார். நீ மைதானத்தில் இறங்கினதுக்கு ரெண்டு மாசம் முந்தி, புரட்டாசியிலேயே.

வேட்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். பொன்னுத்தாயி எல்லாத்தையும் கேட்டுவிட்டு, "என்னைக்கு ஆச்சி தம்பி பாத்தாக?" என்றது. சொன்னேன். "அவுக பொரட்டாசியிலயே போயிட்டாகளே," என்றது. சரி, வேறு யாரோ என்று எழுந்துவிட்டேன். வாசல் தாண்டப்போகிறபோது பின்னாலிருந்து, "துண்ட மணிக்கட்டுல கட்டியிருந்தாகளா?" என்று கேட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சண்டைக் காலத்தில் கருத்தையாவுக்கு அங்கே கொடி காட்டுகிற வேலை. வலது கை தூக்கினால் இறங்கலாம், இடது கை தூக்கினால் இறங்காதே என்று அர்த்தம். ஒருநாள் ஓடுதளத்தில் ரோடு உருளை நின்றிருக்கிறது. ஏரோப்ளேன் வருவது தெரிந்து இவர் இடது கையைத் தூக்கவேண்டியவர் பதட்டத்தில் வலது கையைத் தூக்கிவிட்டார். வந்தவன் இருபது வயசு வெள்ளைக்காரன். உருளையில் மோதிச் செத்துப்போனான். இவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கொடி காட்டினவனை யார் கேட்கப்போகிறார்கள்? இவரும் பெண்சாதியைத் தவிர ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம், வானத்தில் எங்கே சத்தம் கேட்டாலும் உழுகிற மாட்டை அப்படியே விட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடுவாராம். கொடி கிடையாது, துண்டுதான். கை நழுவிடாமல் இருக்க மணிக்கட்டில் ஒரு முடிச்சு. சாகிறதுக்கு முந்தி நாலு நாள் காய்ச்சலில், இந்தக் கையைத் தூக்குவார், போடுவார், அந்தக் கையைத் தூக்குவார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவள்.

உன்னிடம் எந்தக் கை என்று கேட்டது அவளுக்காகத்தான். இடது கை என்று நீ எழுதினதை வாசித்தேன். அது சிரிச்சது தம்பி. "இந்தத் தடவ சரியாத் தூக்கிட்டாக," என்று சொல்லிச் சொல்லிச் சிரிச்சது. புருஷனைப் பறிகொடுத்தவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

செத்தவர் என்று எழுதினால் பயத்தில் உன் கை நடுங்கும், மேலே வைத்து நடுங்கினால் என்ன ஆகும் என்றுதான் மறைத்தேன். இருக்கிறார் என்றும் எழுத வரவில்லை, இல்லை என்றும் எழுத வரவில்லை. அதனால் எழுதாமலே இருந்தேன். இப்போது என் பொய்யே உன்னை அந்தப் பாறைக்குக் கூட்டிப்போயிருக்கிறது.

பழனிமலை பற்றி நீ இப்போது எழுதினதை அவளுக்கு நான் வாசிக்கவில்லை.

தேனம்மை


கோயமுத்தூர்
20-6-67

ஆச்சிக்கு,

கோபம் இல்லை. அதை நினைத்து நீங்கள் சாப்பிடாமல் இருக்க வேண்டாம்.

முதலாளியிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி ஜூலை முடிய லீவு வாங்கியிருக்கிறேன். டாக்டர் பார்த்தார், கண்ணிலும் காதிலும் குறை இல்லை என்கிறார். மேகத்துக்குள் மூளை ஆயிரம் வேஷம் காட்டும் என்று பறக்கச் சொல்லிக்கொடுத்தவர் சொல்வார். பழனிமலையில் பார்த்தது அப்படி ஒரு வேஷமாகவே இருக்கட்டும். ஆனால் குன்றக்குடிப் பக்கம் நான் பார்த்தபோது மேகம் இல்லை. மணிக்கட்டு முடிச்சை என் மூளை எங்கேயிருந்து எடுத்தது?

வலது கை விஷயம் பொன்னுத்தாயிக்குத் தெரிய வேண்டாம். அவர் சிரித்தது சிரித்ததாகவே இருக்கட்டும்.

உடையப்பன்


நேமத்தான்பட்டி
16-7-67

தம்பிக்கு ஆசீர்வாதம்.

இங்கே நலம். நீ ராத்திரி தூங்குகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

நாம் ஒளித்து ஒன்றும் ஆகவில்லை. நேற்று பொன்னுத்தாயி வீட்டுக்கே வந்துவிட்டது. முந்தி வரும்போதெல்லாம் நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று நானே சொல்வேன். இந்த ஒரு மாசமாக உன் பேச்சை எடுக்கவில்லை. அதிலேயே கண்டுபிடித்திருக்கிறது. கொல்லையில் நின்றுகொண்டே, "ஆச்சி, திரும்பவும் பாத்தாகளா?" என்றது. நான் காயப்போட்ட நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தேன். "வலது கையா?" என்றது. என் கை நெல்லிலேயே நின்றுவிட்டது. அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

அழும் என்று நினைத்தேன். அழவில்லை. நெல்லுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"அவுகளுக்குக் கை மாறிப்போகும் ஆச்சி. சின்னதுல இருந்தே அப்பிடித்தான். கும்பாவுக்கு முன்னால உக்காந்தாக்கூட எந்தக் கைன்னு ஒரு நிமிசம் பாத்துட்டுத்தான் சோத்துல கைய வைப்பாக. பதறிட்டா சுத்தமா மாறிரும். கெட்ட எண்ணம் கெடையாது. தம்பியக் காப்பாத்தணும்னுதான் அங்குட்டு வரைக்கும் ஓடியிருப்பாக. ஆனா அவுக கைய நம்பக் கூடாது. தேட வேணாம்னு எழுதுங்க."

"நீ இதையெல்லாம் நம்புறியா?" என்று கேட்டேன்.

"நான் நம்புனா என்ன, நம்பாட்டி என்ன. தம்பி பாக்குறாகள்ல," என்றது. அப்புறம், "ஆடி அமாவாசைக்கு நான் போய் அவுககிட்டச் சொல்லிக்கிறேன். துணைக்கு வாரீகளா?" என்று கேட்டது. வருகிறேன் என்றிருக்கிறேன்.

நீ பறப்பதும் நிறுத்துவதும் உன் இஷ்டம். நான் இனி அதில் தலையிடமாட்டேன், உன்னிடம் எதையும் மறைக்கவும்மாட்டேன். பறந்தால் உன் ஊசியை மட்டும் பார்.

தேனம்மை


கோயமுத்தூர்
8-8-67

அன்புள்ள ஆச்சிக்கு,

நல்ல சுகம். இந்த முறை நிஜமாகவே. தூக்கமும் வருகிறது.

லீவு முடிந்து போன வாரம் வேலைக்குப் போனேன். முதல் நாள் ஏறி உட்கார்ந்தபோது கை நடுங்கியது. ஓடுகிறவரைக்கும் நடுங்கியது, தரையை விட்டதும் நின்றது. சனிக்கிழமை தஞ்சாவூரிலிருந்து மதுரைக்கு முதலாளியோடு வந்தேன். அன்றைக்கு ஒதுங்கி வந்த அதே தடம்தான், தாழ்வாகவே பறந்தேன். வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது, ஒரு திட்டு மேகம் இல்லை. அன்றைக்குத்தான் ஆடி அமாவாசை என்பது எனக்கு நினைவு இருந்தது. இருந்தும் கீழே பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். குன்றக்குடி வந்தது தெரிந்தது, கண்ணை ஊசியிலிருந்து எடுக்கவில்லை.

முதலாளி பக்கத்துச் சீட்டில் இருந்தார். ஜன்னலில் குனிந்து பார்த்தவர், "இந்தப் பொட்டக் காட்டுல வந்து உக்காந்திருக்காங்களே, உங்க ஊர் ஆளுங்களாப்பா?" என்றார்.

"எத்தனை பேருங்க?" என்றேன்.

"மூணு பேரு. ரெண்டு பொம்பளைங்க, நடுவுல ஒரு ஆளு. இலை போட்டுச் சாப்பிடறாங்க போல."

என் கழுத்து அந்தப் பக்கம் திரும்பத் துடித்தது. திருப்பவில்லை. "அந்த ஆள் கையைத் தூக்குறாருங்களா?" என்று கேட்டேன். முதலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்தார்.

"எதுக்குத் தூக்கறான்? கை ரெண்டும் மடியில கெடக்குது. நிமிந்துகூடப் பார்க்கலை," என்றார்.

உங்களோடு முத்துக்கருப்பன் வந்தாரா, ஆச்சி? அவர்தானே அது?

உங்கள்
உடையப்பன்


நேமத்தான்பட்டி
17-8-67

தம்பி உடையப்பனுக்கு ஆச்சி எழுதிக்கொண்டது.

நீ நன்றாகத் தூங்குகிறாய் என்பதைப் படித்து எனக்கும் தூக்கம் வந்தது. இங்கே ஒரு குறையும் இல்லை.

முத்துக்கருப்பன் வரவில்லை. மைதானத்துக்குள் கார் போகாது என்று ரோட்டிலேயே நிறுத்திவிட்டான், அரை மைல் தள்ளி. நானும் பொன்னுத்தாயியும் மட்டும்தான் நடந்து போனோம்.

பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டி, இங்கேதான் நிற்பார் என்றது. அங்கே இலை போட்டுச் சோறு வைத்து, மொச்சைக் குழம்பு ஊற்றி, கருவாடு பொரித்து வைத்தது. கொண்டுவந்த தண்ணீரைத் தெளித்தது. மந்திரம், அழுகை ஒன்றும் கிடையாது. வீட்டில் புருஷனிடம் பேசுகிற மாதிரியே பேசியது. "இனி இங்க ஒண்ணும் எறங்காது. தம்பி அவுகளாப் பாத்துப் போய்க்கிருவாக. அந்த வெள்ளக்காரத் தம்பியும் உங்க மேல கோவமா இருக்க மாட்டாக. நின்னது போதும், உக்காந்து சாப்பிடுங்க." அவ்வளவுதான். அப்புறம் நாங்கள் இலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் உன் சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். பொன்னுத்தாயி பார்க்கவில்லை, இலையையே பார்த்துக்கொண்டிருந்தது.

எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை தம்பி. மறைக்கமாட்டேன் என்று சொன்னதால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே அவளைக் கூப்பிட்டு ஒரு வரி விடாமல் வாசித்தேன். கை மடியில் கிடந்தது என்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னது. வாசித்தேன். "அன்னைக்கு இலையில சோறு பெசஞ்ச மாதிரி கெடந்துச்சு ஆச்சி. காக்கா இல்லாத எடத்துல என்னடான்னு நெனச்சேன். உங்ககிட்டச் சொல்லல," என்றது. எழுந்து சேலையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டது.

நான் வாசலில் நின்று பார்த்தேன். எப்போதும் தெருவில் சுவர் ஓரமாகத்தான் போகும். அன்றைக்கு நடுத் தெருவில், பக்கத்தில் இன்னொரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டு, மெதுவாகப் போனது.

உடம்பைப் பேணிக்கொள்.

ஆச்சி
தேனம்மை